படகுக்கென்று வைத்த ரெசின்

“…அதுக்குப் பிறகு நான் என்னத்தைப் பூசி இந்த மனுசனைக் கடலுக்கு அனுப்புறது, தம்பி? உங்கடை காரின்ரை புகையையோ?”

அக்கா இப்படிக் கேட்டபோது நாங்கள் மூன்று பேரும் ஒட்டுசுட்டானில், அவர்கள் குடியிருந்த வளவில், புளியமரத்துக்குக் கீழே இருந்தோம். நானும் அவருடைய புருசனும் தரையில் குந்தியிருந்து முழங்கை வரைக்கும் சொறிந்துகொண்டிருந்தோம். பைபர் வேலையில் பறக்கிற கண்ணாடி நூல் தூள் தோலுக்குள் போய்விட்டால் ஒரு கிழமைக்குப் போகாது. தேங்காய் எண்ணெய் பூசிப் பார்த்தோம், சாம்பல் தேய்த்துப் பார்த்தோம், கடைசியில் சொறிவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. எங்களுக்கு முன்னால், அன்றைக்குத்தான் செய்து முடித்த பொனற் கிடந்தது. காரின் எஞ்சினை மூடுகிற முன்மூடிதான். பளபளவென்று, பச்சை கலந்த மஞ்சளில், பார்க்க ஆசையாக இருந்தது. அதைப் பார்க்கத்தான் எங்கள் இருவருக்கும் மனமில்லை.

அவர்கள் எனக்குச் சொந்தமில்லை. முல்லைத்தீவுக் கடற்கரையில் தொழில் செய்த வேதக்காரக் குடும்பம். தொண்ணூறில் சண்டையால் ஊரை விட்டு வந்தபோது பாத்திரம் பண்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு, பைபர் படகை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள். “ஒட்டுசுட்டானிலை யானைக்கு வலை போடப் போறியளோ?” என்று சந்தியில் நின்றவர்கள் கேட்டார்களாம். வருகிற வழியில் மதகுக் கட்டையில் இடித்துப் படகின் வயிற்றில் இரண்டு முழத்துக்கு வெடித்துவிட்டது. நான் அவர்களோடு பழகிய காலத்தில் அது மரத்தடியில் கவிழ்ந்து கிடந்து, நாலாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. அடியில் கோழிகள் அடைகாத்தன.

வெடிப்பை ஒட்டுவதற்கு ஒரு தகர ரின் ரெசின் பசையும் ஒரு சுருள் கண்ணாடி நூல் பாயும் அவர்களிடம் இருந்தன. தடை இருந்ததால் வன்னிக்குள் அப்போது அந்தச் சாமான் வராது. அக்கா அந்த ரின்னைச் சாக்கால் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே, செபமாலைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். படகை இப்போதே ஒட்டி என்ன செய்வது, கரைக்குப் போகலாம் என்று சொல்லும் நாளில் ஒட்டலாம் என்பது அவருடைய கணக்கு. அந்த ரின் இருக்கும் வரைக்கும் தாங்கள் திரும்பிப் போகிற ஆட்கள்தான் என்று சொல்லுவார்.

என்னிடம் இருந்தது ஒரு பழைய ஏ-போர்ட்டி கார். வாடகைக்கு ஹயர் ஓடினேன். ஹயர் என்றால் பெரும்பாலும் நோயாளிகள்தான். பெற்றோல் கிடையாது, சேலைன் போத்தலில் ஊற்றித் தொங்கவிட்ட நாலு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவோம். மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓடும், இழுக்காது. மாரியில் குளக்கட்டு ஏற்றம் வந்தால் ஆட்களை இறக்கித் தள்ளச் சொல்ல வேண்டும். “இவன்ரை கார் சனத்தை ஏத்திறேல்லை, சனம்தான் இவன்ரை காரை ஏத்துது” என்று தேத்தண்ணிக் கடையில் ஒருவர் சொன்னார். நானும் சிரித்தேன். ஆட்கள் சொல்லுகிற நல்ல பகிடி என்னைக் கேலி செய்வதாக இருந்தாலும் நான் விட்டுவிடுவதில்லை, மனதில் போட்டு வைத்துக்கொள்வேன்.

ஒருநாள் அக்காவுக்கே மலேரியா. நடுக்கத்தோடு போர்வையைச் சுற்றி மல்லாவி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனேன். குளக்கட்டில் கார் நின்றுவிட்டது. நானும், அண்ணை என்று நான் கூப்பிடுகிற அவருடைய புருசனும் பின்னால் தள்ள, அந்த மனுசி போர்வையோடு இறங்கிச் சேற்றில் நடந்து கட்டின் மேலே ஏறினார். மேலே போய் மூச்சு வாங்கிக்கொண்டு, “தம்பி, எனக்கில்லை, உங்கடை காருக்குத்தான் காய்ச்சல். முதல்லை அதை டொக்டரிட்டைக் காட்டுங்கோ” என்றார். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எஞ்சினுக்குப் பலம் கூட்ட முடியாது, ஆகவே காரின் பாரத்தைக் குறைக்கலாம் என்ற யோசனை எனக்கு அதற்குப் பிறகு வந்தது. பின் இருக்கையின் இரும்பைக் கழற்றிப் பலகை போட்டேன். பிறகு பொனற், டிக்கி மூடி, முன் சில்லுகளை மூடுகிற மட்காட் இரண்டு. எல்லாம் கனத்த தகரம், அதுவும் பாதி கறள் பிடித்துத் துருவானது. இவற்றைப் பைபரில் செய்தால் என்ன என்று அண்ணையிடம் கேட்டேன். கடற்கரையில் பத்துப் பதினைந்து படகு ஒட்டிய கை அவருடையது. நான் கேட்டு முடிக்கவில்லை, மனுசன் எழும்பிப் போய்ப் பொனற்றைத் தட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அக்காவிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. கேட்டேன். அடுத்த நாள் ரின்னை வெளியே கொண்டுவந்து, மூடியைத் திறந்து, ஒரு ஈர்க்கை விட்டு ஆழம் பார்த்தார். ஈர்க்கு நனைந்த அளவின் நடுவில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டினார். “இதுக்கு மேலை உள்ளது காருக்கு. இதுக்குக் கீழை உள்ளது படகுக்கு. நூல் தெரிஞ்சா நிப்பாட்ட வேணும். ஓமோ?”

“ஓம் அக்கா.”

“உங்களையில்லை, இவரைத்தான் கேக்கிறன்.”

“ஓமப்பா, ஓம்” என்றார் அண்ணை.

பொனற்றைக் கழற்றி, அதையே அச்சாக இரண்டு கட்டைகளில் வைத்தோம். பைபர் தகரத்தோடு ஒட்டிவிடாமல் இருக்க, ஓலை வேய்ந்த வேதக் கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரிக் கட்டைகளை உருக்கித் தேய்த்தோம். அக்காதான் பொறுக்கித் தந்தார். வெயில் ஏறினால் ரெசின் கைக்குள்ளேயே இறுகிவிடும் என்று விடியக் காலையிலேயே தொடங்கினோம். கண்ணாடி நூல் பாயை விரித்து, இறுக வைக்கிற மருந்து கலந்த ரெசினைத் தூரிகையால் குத்திக் குத்தி ஊற வைப்பது, காற்றுக் குமிழ் இல்லாமல் தடவுவது, பிறகு அடுத்த பாய். அவ்வளவுதான் வேலை.

இரண்டு படை போதும் என்று முதல்நாளே பேசியிருந்தோம். பாக்குமரச் சிலாகையை உட்புறம் வைத்துக் கட்டினால் நெளியாது. இரண்டாவது படை முடிந்ததும் அண்ணை விரலால் அமத்திப் பார்த்தார்.

“வாழைப்பட்டை மாதிரிக் கிடக்கு, தம்பி. இன்னுமொண்டு போடுவம்.”

மூன்றாவது போட்டார். பிறகு, “மூக்கிலைதான் அடி விழும், மூக்குக்குத் தடிப்பு வேணும்” என்று நாலாவது. படகில் அலை வந்து மோதுவது மூக்கில். காரின் மூக்கில் என்ன மோதப்போகிறது? எனக்கு அது தெரியாமல் இல்லை. நான் வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த மனுசன் நாலு வருடமாகக் கூலிக்கு வயலில் களை பிடுங்கியவர், எப்போதும் குனிந்த தலை. அன்றைக்குத் தூரிகை கையில் ஏறியதும் தோள் நிமிர்ந்துவிட்டது, ஏதோ கடற்பாட்டு முணுமுணுத்தார். அடுத்த பாயை என்னிடம் கேட்காமலே விரித்தார், நானும் விளிம்பைப் பிடித்துக் கொடுத்தேன். ஐந்து படை. ஈர்க்கை விட்டுப் பார்க்க இருவருக்கும் ஞாபகமே வரவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கழற்றினோம். மெழுகு நன்றாக வேலை செய்திருந்தது, அச்சு அசலாக வந்தது. தூக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அண்ணைக்கும் விளங்கியிருக்கும். அக்காதான் குசினிக்குள்ளிருந்து காவுதடியைக் கொண்டுவந்தார். தராசுபோல் நடுவில் கயிறு கட்டிப் புளியங் கொப்பில் தொங்கவிட்டு, ஒரு பக்கம் பழைய தகரப் பொனற், மறுபக்கம் எங்களுடைய புதியது. கையை விட்டோம். புதியது மெல்ல இறங்கி நிலத்தில் முட்டி நின்றது. தகரம் மேலே போய் ஆடிக்கொண்டிருந்தது.

“ஏனப்பா, ஒட்டுசுட்டான் றோட்டிலை அலை அடிக்கிறதோ?” என்றார் அக்கா.

“கைப்பழக்கம்” என்றார் அண்ணை, தன் கையைப் பார்த்துக்கொண்டு.

பிறகு அக்கா ரின்னில் ஈர்க்கை விட்டார். நூல் நனையவில்லை. நூலுக்குக் கீழேயும் மூன்று விரல் அகலத்துக்கு ஈர்க்கு காய்ந்தே வந்தது. படகுக்கென்று வைத்ததிலும் பாதியைப் பொனற் குடித்திருந்தது. பாயும் அப்படித்தான், சுருளில் மிச்சம் கொஞ்சம். இருப்பதைப் படகில் போட்டால் வெடிப்பு மூடாது. காரில் போட்டால் இரண்டு மட்காட் செய்யலாம், படகு என்றைக்கும் கோழிக்கூடுதான்.

நான் சொல்லக்கூடியது ஒன்றுதான் இருந்தது. “காரை விடுங்கோ அக்கா. மிச்சத்தைப் படகுக்கே வையுங்கோ.” அதைச் சொல்லும்போது எனக்குக் களைப்பாக இருந்தது, நல்ல மனதில் சொன்னேன் என்றும் இல்லை. திரும்பவும் அந்தக் குளக்கட்டில் ஆட்களை இறக்க வேண்டுமே என்றுதான் நினைத்தேன்.

“வைச்சு?” என்றார் அவர். “அரைவாசி ஓட்டையை அடைச்சா அரைவாசித் தூரம் போகலாமோ? மிச்சத்தையும் காருக்கே ஊத்துங்கோவன். அதுக்குப் பிறகு நான் என்னத்தைப் பூசி இந்த மனுசனைக் கடலுக்கு அனுப்புறது, தம்பி? உங்கடை காரின்ரை புகையையோ?”

குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும். நாங்கள் சொறிவதைக்கூட நிறுத்திவிட்டோம்.

அக்கா பொனற்றின் வளைவைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு குனிந்து அதன் விளிம்பைப் பிடித்தார். நான் எழும்பப் போனேன், கையால் தடுத்தார். இடுப்பில் வைத்து, தண்ணீர்க் குடம் தூக்குவதுபோல் ஒரு பக்கம் சரிந்து நடந்து, படகடிக்குக் கொண்டுபோனார். காலால் கோழிகளைத் துரத்தினார். கவிழ்ந்து கிடந்த படகின் வயிற்றில், வெடிப்புக்கு மேலே பொனற்றை வைத்தார். மேலே தள்ளினார், கீழே இழுத்தார், அரைவட்டம் திருப்பினார். பொனற்றின் மூக்கு வளைவு படகின் வளைவில் போய் அமர்ந்தது. ஒரு முழங்காலை ஊன்றி அது வழுக்காமல் பிடித்துக்கொண்டு, குசினி அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டு எடுத்துவரும்படி புருசனிடம் சொன்னார். அவர் ஓடிப்போய் எடுத்துவந்தார். அக்கா அதை வாங்கி, வெடிப்பு எதுவரைக்கும் போகிறது என்று மறுகையால் தடவிப் பார்த்துப் பார்த்து, என்னுடைய பொனற்றின் மேல் அறுக்க வேண்டிய கோட்டை இழுக்கத் தொடங்கினார்.