எழுபத்து நாலு புள்ளி ஐந்து

இடுப்பெலும்பு அறுவைச் சிகிச்சை முடிந்து அம்மா வாக்கரோடு இலுப்பூர் வீட்டுக்கு வந்த வாரத்தில், குளியலறைத் தரையை உயர்த்தினோம். கூடத்தைவிட அது ஒரு படி தாழ்வாக இருந்தது. கொத்தனார் கான்கிரீட் போட்டு இரண்டையும் சமமாக்கினார். தரை உயர்ந்ததால் பழைய கதவின் அடியை அறுக்க வேண்டியிருந்தது. அறுத்த இடத்தில் மரம் ஈரத் தவிடுபோல உதிர்ந்தது. அந்தக் கதவைக் கழற்றிக் கொல்லையில் சாய்த்துவிட்டு, வாசக்காலில் என் சேலை ஒன்றைத் தொங்கவிட்டேன்.

மூன்றாம் நாள்தான் கவனித்தேன். காலையில் கட்டிலருகே வைத்த தண்ணீர் பாட்டில் மாலையிலும் அப்படியே இருந்தது. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கேட்டால் தாகமில்லை என்றார் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்.

"காத்தடிச்சா அந்தச் சேலை ஒரு பக்கமாப் போகுது. கூடத்துல என்னையப் பாக்க வந்தவுக ஒக்காந்திருக்காக. தண்ணியக் குடிச்சிட்டு நான் எப்புடித்தா அங்கிட்டுப் போறது?"

அன்றே தச்சருக்குப் போன் செய்தேன். அவர் குடுமியான்மலைப் பக்கம் ஒரு வீட்டு வேலையில் இருந்தார். "வந்து பாக்க நாலு நாளாகும்க்கா. அளவ வாட்ஸ்அப்புல போட்டு விடுங்க. பட்டறையில செஞ்சு நேரா எடுத்தாந்துர்றேன்."

நான் நாளிதழில் செய்திகளைத் திருத்தும் வேலை பார்த்தவள். எண் என்றால் இரண்டு முறை பார்ப்பேன். வாசக்காலின் இரு ஓரங்களிலும் அளந்தேன். மேல்சட்டத்திலிருந்து தரைவரை எழுபத்து நான்கு அங்குலம், அதற்கு மேல் ஐந்து சிறு கோடுகள். ஓர் அங்குலத்துக்கு அப்படி எட்டுக் கோடுகள். கதவு தரையில் உரசாமலிருக்க ஒரு கோட்டைக் கழித்தேன். இடைவெளி அதற்கு மேல் இருந்தால் தண்ணீர் கூடத்துக்கு வரும், வாக்கர் வழுக்கும். மீதி நான்கு கோடுகள், அதாவது அரை அங்குலம். கழிக்க வேண்டியதைக் கழித்துவிட்டேன், கதவின் உயரம் இதுதான் என்று குறிப்பிட்டு 74.5 என அனுப்பினேன். அகலம் முழு அங்குலம், அதில் சிக்கலில்லை.

கதவு வந்தது. தச்சர் கீல் மாட்டி இழுத்தார். பாதி வட்டம்கூட வரவில்லை, தரையில் கடித்துக்கொண்டு நின்றது. அம்மா கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கையாலும் வாக்கரைப் பிடிப்பவர் அதை இழுக்கவே முடியாது.

"அளவு தப்பாப் போச்சுங்களே," என்றேன்.

"நீங்க போட்டதுதானக்கா. எழுபத்து நாலு இஞ்ச், அஞ்சு நூல்." போனை எடுத்துக் காட்டினார்.

"நான் போட்டது எழுபத்து நாலரை."

"நாலரைன்னா புள்ளி நாலுன்னுல்ல போடணும்? எட்டு நூல் ஒரு இஞ்ச். நாலு நூல்தானே அரை?"

நான் கோடு என்று எண்ணியது அவருக்கு நூல். என் புள்ளிக்குப் பின்னால் இருந்தது பத்தில் ஐந்து. அவருடைய புள்ளிக்குப் பின்னால் இருந்தது எட்டில் ஐந்து. நான் கழித்த ஒரு நூலை அந்தப் புள்ளி திரும்பச் சேர்த்துவிட்டது.

"பேப்பராபீசுல ஊராரு தப்பையெல்லாம் திருத்துனவ," என்றார் அம்மா. "ஒரு புள்ளி வைக்கத் தெரியல."

"அக்கா மேல தப்பில்ல ஆத்தா. அவுக பள்ளிக்கொடத்துக் கணக்கு போட்டுட்டாக."

"அப்ப நீ பள்ளிக்கொடம் போகலையா?"

"போனேன். அங்க கதவு செய்யல."

கதவைக் கழற்றித் தரையில் படுக்கவைத்து அடிப்பக்கத்தை இழைத்தார். கூடுதலாக ஒரு நூல் எடுக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இழைத்த விளிம்பு தண்ணீர் குடிக்காமலிருக்கப் பெயின்ட் அடித்தார். காயும்வரை அங்கே ஈரம் படக்கூடாது, நாளைக் காலையில் மாட்டுகிறேன் என்றார். அன்றும் அம்மா பாட்டிலைத் தொடவில்லை.

மறுநாள் மாட்டியதும் அம்மாவே எழுந்து போனார். வாக்கரை உள்ளே நகர்த்தி, ஒரு கையை மட்டும் எடுத்துக் கைப்பிடியை இழுத்தார். கதவு சத்தமில்லாமல் வந்து சேர்ந்தது. விழுந்துவிடுவாரோ என்று நான் வெளியே நின்றேன்.

"என்னத்தா, அடியில நெழலு தெரியுது," என்றார் உள்ளேயிருந்து. "கதவு போட்டதே எதுக்கு? அங்கிட்டுப் போ."

அடுப்படிக்குப் போனேன்.