ஆறடி உயரத்துத் தாழ்ப்பாள்

பூட்டுக்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் ஒருவர்தான். நாலாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். ஆனால் பெரிய படிப்புப் படித்தவன் சாவியைத் தொலைத்துவிட்டு வீட்டு வாசலில் முழிக்கும்போது கூப்பிடுவது அவரைத்தான். நடைபாதையில் ஒரு கூடைச் சாவியோடு உட்கார்ந்த ஆள், இன்று சொந்தக் கடை. யாரும் கைதூக்கி விடவில்லை. அவருக்கென்று ஒரு வழக்கம் உண்டு: எந்தப் பூட்டையும் ஒற்றைச் சாவியோடு விற்க மாட்டார். "ஆள நம்பு, வேணாங்கல. ஆனா இன்னொரு சாவி இன்னொரு எடத்துல இருக்கணும்" என்பார்.

எங்கெங்கோ மாதா கோயில் சாமியார்கள் செய்த அக்கிரமம் வெளியே வந்து நாறியபின், மறைமாவட்ட ஆயர் எல்லாப் பங்குக் கோயிலுக்கும் உத்தரவு அனுப்பினார். கோயிலைச் சேர்ந்த ஒவ்வொரு அறைக் கதவிலும் கண்ணாடி பதிக்க வேண்டும். பிள்ளைகளோடோ, இயலாதவர்களோடோ யாரும் தனியறையில் இருக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் பாதுகாப்புக் குழுவிடம் சொல்ல வேண்டும். குழுவுக்குத் தலைவி, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்சம்மா. அவர் கூட்டம் போட்டு விளக்கியபோது பூட்டுக்காரர் கடைசி பெஞ்சிலிருந்து நக்கலடித்தார்.

"கண்ணாடி மாட்டினா ஆளு திருந்திடுவானா நர்சம்மா?"

"திருந்த மாட்டான்ண்ணே. பாக்குற கண்ணு கூடும். உங்களுக்குச் சந்தேகம் வந்தா எதையும் தொடாதீங்க, யாரையும் நோண்டிக் கேக்காதீங்க. நேரா எங்கிட்ட வாங்க."

"வந்தா பூசி மெழுகிடுவீங்க!" என்றார். கூட்டம் சிரித்தது.

கண்ணாடி பதிக்கும் வேலை அவருக்கே வந்தது. வேறு யாருக்கு வரும்? பங்குச் சாமியார் கொடுத்த பட்டியலில் ஏழு கதவு. பூசைத் துணிமணி வைக்கும் அறைக்குள்ளே ஒரு சின்ன அறை உண்டு. அது மட்டும் பட்டியலில் இல்லை.

"சாமி, அந்த உள் ரூமு?"

"அத விடுங்க பூட்டுக்காரரே. ஒடஞ்ச நாற்காலிதான் கெடக்கு. தொறந்தே ரெண்டு வருஷமாச்சு."

சாமியார் போனபின் சும்மா அந்தக் கதவைத் தள்ளினார். முனகாமல் திறந்தது. இரண்டு வருஷம் திறக்காத கதவு ஊரைக் கூட்ட வேண்டாமா? கீலைத் தொட்டார். விரலில் எண்ணெய். உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தார். ஆறடி உயரத்தில் பித்தளைத் தாழ்ப்பாள். தொடாத பித்தளை களிம்பேறிக் கறுத்துக் கிடக்கும். இது தேய்ந்து தேய்ந்து பளபளத்தது.

மாட்டியதே அவர்தான். சாமியார் இந்தப் பங்குக்கு வந்த புதிதில், மூன்று வருஷத்துக்கு முன்னால். "பசங்க வெளையாட்டா பூட்டிக்கப் போறாங்க, ஒசத்திப் போடுங்க" என்றார் சாமியார். என்ன முன்யோசனை என்று கடையில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிப் பெருமை அடித்திருந்தார்.

நாலரை அடி உயரமுள்ள ஒருத்திக்கு அது எட்டாது என்பது இப்போதுதான் உறைத்தது.

அவர் தங்கச்சி மகள் நாலரை அடி. வீட்டில் பொடிசு என்று கூப்பிடுவார்கள். வயது இருபத்திரண்டு, பேச்சும் சிரிப்பும் சின்னப் பிள்ளையுடையது. பீடத் துணிகளை இஸ்திரி போட அவளைத் துணிமணி அறையில் சேர்த்துவிட்டதும் இவர்தான். போன மாதத்திலிருந்து போக மாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். "ஒடம்பு வளையல கழுதைக்கு" என்று தங்கச்சி திட்ட, இவரும் தன் உழைப்புப் புராணத்தை எடுத்துவிட்டார். பொடிசு காதைப் பொத்திக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "மாமா, என் ரூமுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டுத் தா." எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான்.

ஸ்டூலைப் போட்டு ஏறி, திருப்புளியைத் திருகில் வைத்தார். கழற்றிச் சாமியார் மூஞ்சியில் எறிய வேண்டும். எதையும் தொடாதீங்க என்று நர்சம்மா சொன்னது ஞாபகம் வந்தது. இறங்கி, கதவைச் சாத்திவிட்டு நேரே அவர் வீட்டுக்குப் போனார்.

நர்சம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். ஒரு தாளை நீட்டினார். "பாத்தத மட்டும் எழுதுங்க."

"இது எந்த அலமாரிக்குள்ள போய்ப் படுக்கும்?"

"ஆயர் ஆபீசுக்குப் போகும், இன்னிக்கே போலீசுக்கும் போகும். விசாரணை முடியுறவரை சாமி இங்க இருக்க மாட்டார்."

"அப்படித்தான் சொல்லுவீங்க."

"என்னை நம்பாதீங்கண்ணே. ரெண்டா எழுதுங்க. ஒண்ண நீங்களே ஸ்டேஷன்ல குடுங்க."

இந்த அம்மாவுக்கும் நம் புத்தி இருக்கிறதே என்று நினைத்தார். அளவு தவிர வேறெதுவும் எழுதிப் பழகாத கை. எண்ணெய், பித்தளை, உயரம் எல்லாம் வந்துவிட்டன. கடைசி வரிக்குத்தான் அரைமணி நேரம் பிடித்தது. "மாட்டியது நான். ஏன் இவ்வளவு உயரம் என்று யோசிக்கவில்லை." இரண்டு தாளிலும் எழுதினார். ஒன்றைத் தானே காவல் நிலையத்தில் கொடுத்து, வாங்கியதற்கு முத்திரை வாங்கிக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வேறு சாமியார் வந்தார். வாசலிலேயே நர்சம்மாவை மறித்தார் பூட்டுக்காரர்.

"அந்த ஆள எங்க வச்சிருக்கீங்க? அங்க கதவுல கண்ணாடி இருக்கா?"

"போலீசுக்குத் தெரிஞ்ச எடத்துலதான் இருக்கார். பூசை வைக்கவும் கூடாது, பிள்ளைங்க பக்கம் போகவும் கூடாது. உள் ரூமுக்குப் போலீஸ் சீல் வச்சாச்சு."

"அடுத்த வாரமும் கேப்பேன்."

"கேளுங்க. வாராவாரம் கேளுங்க."

இதற்கென்றே பயிற்சி பெற்ற ஒரு பெண் வந்து, பொடிசோடு மூன்று நாள் உட்கார்ந்து பேசினாள். என்ன பேசினார்கள் என்று அவர் கேட்கவில்லை. மூன்றாம் நாள் வெளியே வந்த தங்கச்சியின் முகத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் கடையைச் சாத்திவிட்டுப் பெட்டியோடு தங்கச்சி வீட்டுக்குப் போனார். பொடிசு கட்டிலை விட்டு இறங்காமல் அவர் கையையே பார்த்தாள். புதுத் தாழ்ப்பாளை எடுத்துக் காட்டினார். வழக்கமாக எந்த உயரம் என்று யாரையும் கேட்கிறவர் இல்லை அவர்.

"எங்க போடட்டும்? நீயே கை வச்சுக் காட்டும்மா."

அவள் மெல்ல எழுந்து வந்து, தன் நெஞ்சுக்கு நேராகக் கதவில் உள்ளங்கையை வைத்தாள். அந்தக் கைக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டார்.