பாலிதீன் சுற்றிய மிக்ஸி

போன ஞாயிற்றுக்கிழமை காலை சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது மிக்ஸி நின்றுவிட்டது. என் மகள் உடனே செல்போனை எடுத்து, "புதுசு ஆர்டர் போட்டுடலாம்மா, பத்து நாள்ல வந்துடும்" என்றாள். போர்ட் பிளேரில் இருப்பவர்களுக்கு எதுவும் பத்து நாளில்தான் வரும், அது பழகிவிட்டது. நான் ஜாரை எடுத்துவிட்டு மிக்ஸியின் மேல் குனிந்து முகர்ந்தேன். சூடான வார்னிஷ் வாடை, அவ்வளவுதான். கருகல் இல்லை. ஐந்து நிமிடம் ஆறவிட்டு, அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். ஓடியது. மகள் என்னை ஒரு மெக்கானிக்கைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறுக்கவில்லை என்றாலும், மிக்ஸியைப் பற்றி எனக்குத் தெரிந்தது மொத்தம் ஐந்தாறு விஷயம்தான். அவ்வளவும் ஒரே மழைக்காலத்தில் தெரிந்துகொண்டது.

அந்த வார்னிஷ் வாடை எனக்கு எப்போதும் அப்பாவின் தாடையை நினைவுபடுத்தும். சொன்னால் சிரிப்பீர்கள்.

அப்போது எங்கள் வீடு போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் போக வேண்டிய இன்னொரு தீவில், ஹட் பேயில். அப்பா எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் குலைகளை எடைபோடும் பிரிவில் இருந்தார். நான் போர்ட் பிளேரில் ஒரு சின்ன நாளிதழில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கப்பல் வருகை, மழை அளவு, காய்கறி விலை ஆகிய மூன்றையும் எழுதுவேன். என்னை நிருபர் என்று நான் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்பா வீட்டின் பின்புறம் பாசியில் வழுக்கி, துணி துவைக்கும் கல்லில் மோதித் தாடையை உடைத்துக்கொண்டார். விழுவதற்கு ஒரு நிமிடம் முன்புதான் அம்மாவிடம் "பாத்து வா, வழுக்கும்" என்று சொன்னாராம். போர்ட் பிளேர் மருத்துவமனையில் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டிவிட்டார்கள். ஆறு வாரம் வாயைத் திறக்க முடியாது. எல்லாமே குழல் வழியாக. டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, உடம்பு இளைத்தால் எலும்பு சேராது, ஆகவே பருப்பு, மீன், காய், முட்டை எல்லாவற்றையும் மையாக அரைத்துக் கொடுக்க வேண்டும். இரண்டு, புரையேறி வாந்தி வந்தால் உடனே கம்பியை வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் மூச்சு அடைத்துவிடும். அதற்காக ஒரு சின்னக் கட்டரையும் கையில் கொடுத்தார். அம்மா அதைக் கட்டிலுக்கு மேலே ஆணியில் மாட்டினாள். சாமி படத்துக்குப் பக்கத்து ஆணி.

போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே துறையில் கப்பலேற்றி அப்பாவை நான்தான் ஹட் பே கூட்டிவந்தேன். நான்கு நாள் விடுப்பு. மூன்றாவது நாள் கடல் கெட்டு, கப்பல் நின்றுவிட்டது. கப்பல் ரத்து என்று ஒரு வருடமாக எழுதிக்கொண்டிருந்தவளுக்கு, அந்த வாக்கியத்துக்குள் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

வீட்டில் மிக்ஸி ராஜமரியாதையில் இருந்தது. தீவில் எல்லோருக்கும் உப்புக்காற்றின் மேல் ஒரு பயம் உண்டு. டிவி, ரேடியோ, தையல் மெஷின் எதுவானாலும் பாலிதீனால் சுற்றிவைப்பார்கள். அம்மா ஒரு படி மேலே போனாள். ஒவ்வொரு முறை அரைத்து முடித்ததும் ஈரத்துணியால் மிக்ஸியைத் துடைத்து, சூடு ஆறுமுன்பே இரண்டு சுற்றுப் பாலிதீன் போட்டு, சைக்கிள் டியூப்பை வெட்டிய ரப்பரால் இறுக்கிக் கட்டுவாள். ஒரு நாளைக்கு நான்கு முறை கட்டி, நான்கு முறை அவிழ்ப்பாள். "அப்பா உசுரு இதுலதான்டி இருக்கு" என்பாள். அப்பா இதைக் கேட்டு ஒரு சீட்டில் எழுதி நீட்டினார்: 'என்னையும் கட்டியாச்சு, அதையும் கட்டியாச்சு. அடுத்து நீயா?' பேச்சு நின்ற பிறகு அவருடைய நக்கல் முழுக்கப் பென்சிலுக்கு வந்துவிட்டது.

வீடு வந்த பதினோராவது நாள் காலை அம்மா பாலிதீனை அவிழ்த்து, பருப்பும் பூசணியும் போட்டுச் சுவிட்சைத் திருப்பினாள். உர்ர் என்று ஒரு முனகல். பிறகு எதுவும் இல்லை.

எங்கள் தோட்டக் குடியிருப்பு வரிசையில் மிக்ஸி இருந்த இன்னொரு குடும்பம் விடுமுறைக்கு மெயின்லேண்ட் போய், வீடு பூட்டிக் கிடந்தது. அம்மா அம்மியில் அரைத்து, வேட்டித் துணியில் மூன்று முறை வடிகட்டிக் கொடுத்தாள். அப்படியும் ஒரு துணுக்குத் தேங்காய் தப்பிவிட்டது. அப்பாவுக்குப் புரையேறியது. பல் திறக்காமல் இருமுகிற மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா? முகம் கறுத்துக் கண் பிதுங்கியது. அம்மா ஆணியிலிருந்து கட்டரைப் பிடுங்கி அவர் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு நிமிடம் இருக்கும், இருமல் தானாக அடங்கியது. அதன் பிறகு அம்மா அம்மியைத் தொடவில்லை. பால், கஞ்சித் தண்ணீர், இளநீர் மட்டும்தான். அப்பாவின் கைலி இடுப்பில் நிற்கவில்லை.

நான் மழையில் தோட்டத்து ஒர்க்‌ஷாப்புக்கு ஓடினேன். அங்கே மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவர் நிர்மல் தாதா. வங்காளி. அப்பாவின் கேரம் எதிரி. எங்களோடு பேசும்போது தமிழில் தொடங்குவார், இந்தியில் எங்கே முடிப்பார் என்று சொல்ல முடியாது. அவருக்கு அப்பா 'செல்வராஜ் பாய்', அம்மா 'பாபி', அதாவது அண்ணன், அண்ணி. வீட்டுக்கு வந்ததும் பாலிதீனையும் ரப்பரையும் தூக்கிப் பார்த்தார்.

"இது என்னா பாபி, மிக்ஸியா பார்சலா? மெயின்லேண்ட் பேஜ்னா ஹை கியா, அனுப்பணுமா?"

"உப்புக்காத்து படக்கூடாதுன்னுதான் தாதா..."

"அரே, சூடா இருக்கும்போதே கட்டினா உள்ளே பானி ஆயிடும் பாபி. சோறு மூடி வெச்சா மூடியில தண்ணி இருக்கும்ல, ஒய்சாஹி, அதே மாதிரி!"

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. கெடுத்தது காற்றில்லை, தன்னுடைய கவனம்தான் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. "நானே அவருக்குச் சோத்த நிறுத்திட்டேன்" என்றாள். அப்பா கட்டிலைத் தட்டினார். சீட்டு வந்தது: 'அதுக்கு முதல்ல ஆபரேஷன் பண்ணச் சொல்லு. அழுகை அப்புறம்.'

தாதா கீழ்த்தகட்டைக் கழற்றினார். உள்ளே ஈரம், வெள்ளையாகப் பூத்த உப்பு, ஒரு செத்த கரப்பான். மோட்டாருக்குக் கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் துருவில் ஒட்டி நகராமல் நின்றிருந்தது; சுரண்டி அதை விடுவித்தார். ஒரு ஒயரை நறுக்க அவர் ஆணியில் இருந்த கட்டரை நோக்கிக் கை நீட்ட, அம்மா "அதத் தொடாதீங்க தாதா!" என்று போட்ட சத்தத்தில் அவர் கையை உதறிக்கொண்டார். "டீக் ஹை பாபி, டீக் ஹை" என்று பல்லால் கடித்து அறுத்தார். பல் இருக்கிற பெருமை என்று அப்பா பிறகு எழுதினார்.

மோட்டார் கருகவில்லை. முகர்ந்து பார்த்தே சொல்லிவிட்டார். என்னையும் முகரச் சொன்னார். "கருகினா கண்ணு எரியும். இது வார்னிஷ் மட்டும்." மேல்தகடு வெட்டிய எண்ணெய் டின்னுக்குள் மோட்டாரை வைத்து, பக்கத்தில் ஒரு அறுபது வாட் பல்பைத் தொங்கவிட்டு எரியவைத்தார். ஒரு முழுப்பகல் அப்படியே இருக்க வேண்டும். ஹட் பேயில் அன்று கரண்ட் போகாமல் இருந்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. பவர் ஹவுஸில் டீசல் எஞ்சின் ஓடும் சத்தத்தை மூன்று பேரும் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

இடையில் தாதா ஜாரில் தண்ணீர் ஊற்றி ஒரு பழைய செய்தித்தாள் மேல் வைத்தார். நான் வேலை பார்த்த தாள்தான், நான் எழுதிய மழை அளவு இருந்த பக்கம். ஐந்து நிமிடத்தில் மழை அளவு நனைந்துவிட்டது. ஜாரின் அடியில் பிளேடு தண்டைப் பிடித்திருக்கும் புஷ் தேய்ந்து ஒழுகுகிறது, அந்தத் தண்ணீரும் மோட்டாருக்குள்தான் இறங்கியிருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் கடைந்து ஒரு புஷ் போட்டுக்கொண்டுவந்தார். நான் வழக்கப்படி அவர் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதினேன். பாதி ஜாருக்கு மேல் போடாதே. அரை நிமிடம் ஓட்டி நிறுத்து. சூடான பருப்பைப் போடாதே. கழுவிய ஜாரைக் கவிழ்த்து உலர்த்து. மாதம் ஒரு தடவை ஜாரைத் தாள்மேல் வை. மூடுவதானால் ஆறிய பிறகு மெல்லிய துணி போதும். என் பத்திரிகை வாழ்வில் யாருக்காவது உபயோகப்பட்ட செய்தி அதுவாகத்தான் இருக்கும்.

மறுநாள் காலை மோட்டாரை மாட்டிச் சுவிட்சைத் திருப்பினார். சுற்றியது. அம்மா அன்று மீன், பருப்பு, கீரை மூன்றையும் அரைத்தாள். கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு அரை நிமிடத்துக்கு நான் "நிறுத்து" என்பேன். அப்பா இரண்டு டம்ளர் குடித்துவிட்டு எழுதினார்: 'உப்பு கம்மி.' தாதா அதை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, "செல்வராஜ் பாய் பிழைச்சாச்சு" என்றார். கூலி என்று பேச்செடுத்தபோது, "வாயைத் திறக்கட்டும், கேரம்ல வசூல் பண்றேன்" என்று குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

எலும்பு சேர்ந்தது. கம்பியை எடுத்துவிட்டு அப்பா ஹட் பே திரும்பிய அன்று நானும் போயிருந்தேன். அம்மா குழைந்த சோறும் முள்ளெடுத்த மீனும் வைத்தாள். அவர் முதல் கவளத்தை வாயில் போட்டதும் எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன இப்படிப் பாக்குற?" என்றார் அப்பா. ஆறு வாரம் கழித்து வந்த குரல், கொஞ்சம் கீச்சென்று இருந்தது.

"ஒண்ணுமில்ல. மெல்லுங்க."

அதன் பிறகு அவர் இருந்த பதினான்கு வருடமும் அவர் சாப்பிடும்போது அம்மா எதிரில் உட்கார்ந்திருந்தாள். காய் நறுக்க மாட்டாள், பேசக்கூட மாட்டாள், சும்மா பார்ப்பாள். தோட்டம் மூடப்பட்டது. அந்த வரிசை வீடுகள் இன்று இல்லை. நிர்மல் தாதா ஓய்வுபெற்று மகனோடு எங்கோ போனார், நான் முகவரி கேட்டு வாங்கவில்லை, அது என் தவறு. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனார்கள். என் வீட்டில் நான், கணவர், மகள் என மூன்று பேர். ஆளுக்கொரு நேரம், ஆளுக்கொரு தட்டு. ஒருவர் சாப்பிடுவதை இன்னொருவர் வேறு வேலையில்லாமல் உட்கார்ந்து பார்ப்பது எங்கள் வீட்டில் நின்றுபோய் நெடுநாள் ஆகிறது.