வெட்டாமல் அனுப்பிய டாக்டருக்காகவும் ஸ்தோத்திரம்

நான் சாகல. இதை முதல்ல சொல்லிடறேன். ஏன்னா நம்ம சபையில பாதிப் பேர் நான் போய்ச் சேர்ந்துடுவேன்னு முடிவே கட்டிட்டீங்க. என்னை இங்க நிக்க வெச்ச ஆண்டவருக்குக் கோடி ஸ்தோத்திரம். நடந்ததைச் சொல்றேன். கோபமா சொன்னா பொறுத்துக்குங்க, என் பேச்சே அப்படித்தான்.

புதுசா வந்தவங்களுக்காக சொல்றேன், என் பேர் பியூலா. ஆம்பூர்ல ஷூ கம்பெனியில தையல் செக்ஷன்ல வேலை. ஷூவோட மேல்தோலை மெஷின்ல வளைச்சு வளைச்சுத் தைக்கணும். வலது கை விரல் கொஞ்சம் பிசகினாலும் தோல் வீணாப் போய்டும், சூப்பர்வைசர் கத்துவார். கொரோனா முடிஞ்சு கம்பெனி ஒழுங்கா ஓட ஆரம்பிச்ச சமயம், அந்த வலது கையிலயே அக்குள் பக்கமா ஒரு கட்டி. கொழுப்புக் கட்டின்னு நினைச்சு, பக்கத்துல ஒரு சின்ன ஆஸ்பத்திரியில வெட்டி எடுத்துட்டோம். ஸ்தோத்திரக் காணிக்கை கூட போட்டாச்சு. அடுத்த அறுப்பின் பண்டிகைக்குள்ள அதே இடத்துல திரும்ப வந்து உக்காந்துடுச்சு. முன்ன எலுமிச்சங்காய் அளவு, இப்போ சாத்துக்குடி. கையைத் தூக்கித் தலை வார முடியல. குக்கரை இறக்க முடியல. அழுகை அழுகையா வந்துச்சு.

வேலூர்ல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசியால சதையை எடுத்துப் பார்த்தாங்க, ஸ்கேன் எடுத்தாங்க. டாக்டர் என்னையும் எங்க வீட்டுக்காரரையும் உக்கார வெச்சுப் பொறுமையாத்தான் சொன்னார். "இது டெஸ்மாய்ட்னு ஒரு கட்டிம்மா. ரொம்ப அபூர்வம். கேன்சர் இல்ல, வேற இடத்துக்குப் பரவாது. ஆனா கைக்குப் போற நரம்பைச் சுத்திப் பிடிச்சிருக்கு. வெட்டினா நரம்பும் சேர்ந்து போகலாம். வெட்டினாலும் திரும்ப வரும், நீங்களே பார்த்துட்டீங்க. சில பேருக்குத் தானாவே வளர்றது நின்னுடும். இப்போ கத்தி வேணாம். பார்ப்போம்."

பார்ப்போமாம்! எனக்கு வந்த எரிச்சல் இருக்கே, சொல்லி மாளாது. கண்ணு முன்னாடி கட்டி வளருது, நான் எதைப் பார்க்கிறது? மூணு மாசம் கழிச்சு ஸ்கேனோட வாங்கன்னு அனுப்பிட்டார்.

அன்னிக்கு சாயங்காலமே சேதி பரவிடுச்சு. நம்ம பக்கத்து ஜனங்களைப் பத்தித்தான் தெரியுமே. வேலூர்ல படுக்க வெச்சா பொழைச்சுப்பாங்க, வெட்டாம வீட்டுக்கு அனுப்பிட்டா அவ்ளோதான், ஆண்டவர் கூப்பிட்டுட்டார்னு அர்த்தம். டாக்டர் என்ன சொன்னார்னு ஒருத்தரும் கேட்கல. ஹார்லிக்ஸ் வந்தது, ஆப்பிள் வந்தது. பாடகர் குழு சகோதரிகள் வீட்டுக்கே வந்து பரலோக வீட்டைப் பத்தி மூணு பாட்டு பாடிட்டு, காபி குடிச்சுட்டுப் போனாங்க. கல்லறைத் தோட்டத்துல மாமனார் பக்கத்துல இடம் இருக்கான்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு பெரியவர் விசாரிச்சிருக்கார். எங்க நாத்தனார் எஸ்தர் அக்கா பீரோவைத் திறந்து, "பியூலா, உனக்கு இதுல எந்தப் புடவை ரொம்பப் பிடிக்கும்?"னு கேட்டாங்க. எதுக்குக் கேட்கிறாங்கன்னு புரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆச்சு.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துல இன்னும் மோசம். "ஆண்டவரே, சகோதரியின் கடைசி நாட்களில் சமாதானம் தாரும்"னு ஒருத்தர் கண்ணீரோட ஜெபிக்கிறார். நான் ரெண்டாவது வரிசையில குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்! எல்லாரும் ஆமென்னு வேற சொல்றீங்க. அன்புதான், எனக்குத் தெரியும். ஆனா அந்த அன்பு பேஜாரா இருந்தது. கேட்டுக் கேட்டு எனக்கே பயம் வந்துடுச்சு. டாக்டர் ஏதோ மறைக்கிறாரோன்னு சந்தேகம்.

எஸ்தர் அக்கா சும்மா இல்ல. வேற ஊர்ல ஒரு ஆஸ்பத்திரியில பேசிட்டாங்க. அங்க வெட்டி எடுக்கத் தயாராம். திங்கட்கிழமை வந்து அட்மிட் ஆகணுமாம். "கையைப் பார்ப்பியா, உயிரைப் பார்ப்பியா?"ன்னு ஒரே சண்டை. உயிருக்கு ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொன்னதை நான் சொன்னா, "ஆமா, அவர் சொல்வார்"ங்கறாங்க. கடைசியில நானும் சரின்னுட்டேன்.

சரின்னு சொல்லிட்டு சமையலறையில நின்னேன். சாதம் வடிக்கக் கை வரல. அப்போதான் வாய் விட்டு ஜெபம் பண்ணேன். அதை ஜெபம்னு சொல்றதா சண்டைன்னு சொல்றதா தெரியல. எப்பவும் "நீர்", "உமக்கு"ன்னு மரியாதையா ஜெபிக்கிறவதான் நான். அன்னிக்கு "நீ"ன்னுதான் வந்தது. "வெட்டணுமா வேணாமா, ஒண்ணைச் சொல்லித் தொலையேன் ஆண்டவரே! ஊர் ஒண்ணு சொல்லுது, டாக்டர் ஒண்ணு சொல்றார். எனக்கு யாரையும் நம்ப முடியல. இதே கட்டி வந்த ஒரே ஒரு ஆளை என் கண்ணுல காட்டு. போதும்!" அவ்ளோதான். ஆமென் கூட சொல்லல. சொல்லியிருந்தா நல்லாதான் இருந்திருக்கும்.

ரெண்டு நாள் கழிச்சு, திங்கட்கிழமைக்கு வேணும்னு ஸ்கேன் ரிப்போர்ட் வாங்க வேலூர் போனேன். மனசுக்குள்ள அந்த டாக்டருக்கு டாட்டா காட்டிட்டேன். வராண்டாவுல கூட்டம். பக்கத்து நாற்காலியில புர்கா போட்ட ஒரு அம்மா, வாணியம்பாடிக்காரங்க. இடது கையால டீ குடிச்சுட்டு இருந்தாங்க. வலது கை மடியில அசையாம கிடந்தது. நான் தோளைப் பிடிச்சு முனகறதைப் பார்த்து, "உனக்கு இன்னாம்மா?"ன்னு கேட்டாங்க. டெஸ்மாய்ட்னு சொன்னேன். கப்பைக் கீழ வெச்சுட்டாங்க.

"அதேதான்மா எனக்கும். அதே கை. இங்க வெட்ட வேணாம்னாங்க. நான்தான் கேக்கல, அடம் பிடிச்சு வேற இடத்துல போய் ரெண்டு தபா வெட்டிக்கினேன். ரெண்டு தபாவும் திரும்ப வந்துச்சு. ரெண்டாவது தபா நரம்பும் போச்சு. இப்போ இங்கதான் மாத்திரை குடுக்கறாங்க, கட்டி அப்படியே நின்னுடுச்சு. ஆனா இந்தக் கை?" இடது கையால வலது கையைத் தூக்கிக் காட்டிட்டு விட்டாங்க. அது தொப்புன்னு மடியில விழுந்தது.

அப்புறம் என் விரலைப் பிடிச்சு, "அமுக்கு, இன்னும் நல்லா அமுக்கு"ன்னாங்க. அமுக்கினேன். "இது இருக்குதுல்ல? வெட்டிக்காதம்மா"ன்னு சொல்லிட்டு அழுதாங்க. நானும் அழுதேன். "ஆபா"ன்னு அவங்க வழக்கப்படி அக்கா முறை சொல்லிக் கூப்பிட்டு, "எனக்காக வேண்டிக்குங்க"ன்னேன். "கண்டிப்பா துஆ பண்றேன்"னாங்க. அதுக்குள்ள அவங்க நம்பரைக் கூப்பிட்டுட்டாங்க.

நான் கேட்டது ஒரே ஒரு ஆள். ஆண்டவர் கொண்டு வந்து பக்கத்து நாற்காலியிலயே உக்கார வெச்சுட்டார். திங்கட்கிழமை நான் எங்கயும் போகல. எஸ்தர் அக்கா ஒரு மாசம் என்கிட்ட பேசல. அது தனி ஆசீர்வாதம்.

அதுக்கப்புறம் எல்லாம் சுகமா போச்சுன்னு நினைக்காதீங்க. அடுத்த ஸ்கேன்ல கட்டி இன்னும் பெருசாகியிருந்தது, வலியும் ஜாஸ்தி. டாக்டர் மாத்திரை ஆரம்பிச்சார். கேன்சருக்குக் குடுக்கிற மாத்திரையே இதுக்கும் கேட்குமாம். அது தெரிஞ்சதும் திரும்பவும் ஆப்பிள், திரும்பவும் ஹார்லிக்ஸ்! உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் தோல் உரிஞ்சு எரிஞ்சது. ஊரெல்லாம் தோலைப் பதப்படுத்துது, என் தோல் மட்டும் கையில நிக்கல. மெஷின்ல உக்கார முடியாம செக்கிங் மேசைக்கு மாத்தினாங்க. டாக்டர்கிட்ட போய்க் கத்தினேன். கோவிச்சுக்காம மாத்திரை அளவைக் கம்மி பண்ணார். அடுத்த ஸ்கேன்ல மாற்றம் இல்ல. அதுக்கு அடுத்ததுலயும் மாற்றம் இல்ல. ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற லெந்து நாள் நாப்பதும் ஆண்டவர்கிட்ட முறைச்சுட்டுதான் இருந்தேன். ஈஸ்டர் முடிஞ்சு எடுத்த ஸ்கேனைப் பார்த்துட்டுத்தான் டாக்டர் சிரிச்சார். சுருங்க ஆரம்பிச்சிருக்கு, நரம்பு நல்லா இருக்குன்னார். எங்க வீட்டுக்காரர் அங்கயே மண்டி போட்டுட்டார். எஸ்தர் அக்கா இப்போ எல்லார்கிட்டயும், "நான்தான் வெட்ட வேணாம்னு அப்பவே சொன்னேன்"னு சொல்லிட்டுத் திரியறாங்க. சொல்லட்டும், விடுங்க.

சாட்சி சொல்லும்போது அந்த முஸ்லிம் அம்மாவைப் பத்திச் சொல்ல வேணாமேன்னு சபையில ஒருத்தர் என்கிட்ட சொன்னார். ஏன் சொல்லக் கூடாது? நான் கேட்டது அவங்களைத்தானே. ஆண்டவர் அனுப்பின ஆளை மறைச்சுட்டு அவருக்கே ஸ்தோத்திரம் சொன்னா அது என்ன சாட்சி? அவங்க பேரைக் கூட நான் கேட்டுக்கல. தினமும் அவங்க கைக்காக ஜெபிக்கிறேன். நீங்களும் ஜெபிங்க.

முன்னெல்லாம் கட்டி போகணும்னு மட்டும்தான் ஜெபிப்பேன். இப்போ டாக்டருக்கு நல்ல புத்தி குடுங்க, எனக்குப் பொறுமை குடுங்கன்னு கேட்கிறேன். பொறுமை இன்னும் வந்து சேரல. உங்க வீட்லயும் யாராவது வெட்டாம திரும்பி வந்தா, பழம் வாங்கறதுக்கு முன்னாடி டாக்டர் என்ன சொன்னார்னு தயவு செஞ்சு கேளுங்க. ஆண்டவர்கிட்ட கோபமா இருந்தா கோபமாவே கேளுங்க, அவர் தாங்குவார். நம்பிக் கேளுங்க.

கட்டி இன்னும் உள்ளதான் இருக்கு, சின்னதா. போன மாசத்துலேருந்து திரும்ப மெஷின்ல உக்காந்து தைக்கிறேன். இதோ பாருங்க, வலது கை. காது வரைக்கும் தூக்கறேன். இதுக்கு மேல தூக்க வரல. இவ்ளோ போதும் ஆண்டவரே, ஸ்தோத்திரம்.