மார்சியா செய்த ஆட்டம்

முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு, "உங்கட ஆட்டக்காரியின்ர மணம் வருது" என்றாள். சரிதான். மார்சியா வந்துபோனால் லண்டன் நோர்பரி மண்டபம் முழுக்க இதே மணம்தான் நிற்கும்.

எண்பதுகளின் கடைசியில் அந்த மண்டபத்தின் சாவி என் இடுப்பில் இருந்தது. ஊரில் கணக்கு வாத்தியார். இங்கே மண்டபத்துக் கதிரைகளை எண்ணி அடுக்குகிற கணக்கு. சனிக்கிழமை காலையில் எங்கள் பிள்ளைகளின் பரதநாட்டிய வகுப்பு, பின்னேரம் மார்சியாவும் அவருடைய குழுப் பெண்களும்.

மார்சியா கரீபியன் தீவொன்றில் பிறந்து, சிறுவயதில் லண்டனுக்கு வந்தவர். ஆப்பிரிக்காவில் கானா நாட்டுக்குப் போய் ஆட்டம் படித்துவிட்டு வந்து, சொந்தமாக ஒரு குழு நடத்தினார். எங்கள் ஆட்கள் மதிப்பார்களா? "கண்டறியாத ஆட்டம். இலக்கணம் ஒண்டும் இல்லை, சும்மா குதிக்கினம்" என்பார்கள். தட்டில் வடையோடு நானும் தலையாட்டியிருக்கிறேன்.

ஒரு குளிர்காலம் முழுக்க அவர் ஒரே ஆட்டத்தைச் செய்துகொண்டிருந்தார். விடியுமுன் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்துவிட்டு பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களைப் பற்றியது. அவருடைய தாயார் பார்த்த வேலை அது. முதுகை வளைத்து நிலத்தை மிதிக்கும் ஆப்பிரிக்க அடவு, அதற்கு மேலே பஸ்ஸை மறிக்கும் ஒரு கை. அந்தக் கை சரிவரவில்லை என்று வாரக்கணக்காகத் திருப்பித் திருப்பி மாற்றினார். மண்டபத்தைப் பூட்டக் காத்திருந்த எனக்கு வீட்டில் சோறு ஆறியது.

பெரிய அரங்கொன்றிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். அவர் ஓம் என்றால், பள்ளிக்கூட மண்டபங்களை விட்டு முதன்முறையாக ஒரு நல்ல மேடை. முழுவதையும் பார்த்துவிட்டு, "அபாரமான துடிப்பு. உங்கள் இரத்தத்திலேயே இருக்கிறது" என்றார். கோடையில் பூங்காவொன்றில், நிறநிறமான உடுப்போடு ஆடலாமா என்றும் கேட்டார்.

"இது ஜனவரி மாத ஆட்டம்" என்றார் மார்சியா. "இரத்தத்தில் இருந்தது அல்ல. இங்கே நின்று நான் செய்தது. வேண்டுமானால் அவரைக் கேளுங்கள்."

கை காட்டியது என்னை. என் இங்கிலீசு அந்த நேரம் பார்த்து ஒளித்துக்கொண்டது. "எஸ் சேர். ஆல் விண்டர்" என்றேன். அந்த மனிதர் சிரித்து, கைகொடுத்துவிட்டுப் போனார். மேடை கிடைக்கவில்லை.

மார்சியா கத்தவில்லை. சுவரோடு சாய்ந்திருந்து முழங்காலில் தைலம் தேய்த்தபடி, "களைத்துவிட்டேன்" என்று மட்டும் சொன்னார். எனக்கும் களைப்புத்தான், ஆனால் என்னுடையது படுத்தெழும்பினால் போகிற களைப்பு.

தொண்ணூறுகளில் குழு கலைந்தது. மார்சியா பள்ளிக்கூடங்களில் ஒரு மணிநேர வகுப்பு எடுத்தார். அங்கேயும் குதித்துக் காட்டத்தான் கேட்டார்களாம். மண்டபத்தை இடித்து வீடுகள் கட்டிவிட்டார்கள்.

போன மாதம் அவருடைய மகள் எங்கிருந்தோ என் இலக்கத்தைத் தேடிப்பிடித்து போன் எடுத்தாள். அம்மா போய்விட்டாராம்.

"அங்கிள், அந்த பஸ் ஆட்டத்தை ஒருவரும் வீடியோ எடுக்கவில்லை. நீங்கள் பார்த்தீர்கள்தானே? அந்தக் கை எப்படி வரும்?"

போனைக் காதில் வைத்தபடி, குசினி அடுப்புக்கு முன்னால் நின்று மற்றக் கையைத் தூக்கினேன். இல்லை, இவ்வளவு உயரமில்லை. கொஞ்சம் இறக்கி, மணிக்கட்டைத் திருப்பினேன்.

"அங்கிள், இருக்கிறீர்களா?" என்றாள் அவள்.