இரண்டு பேர் படித்த தாள்

மாரமங்கலத்து வீராயி எதையும் ஒருவர் சொல்லிக் கேட்டு நம்பியதில்லை. எஸ்டேட்டில் காப்பிப் பழம் நிறுக்கும்போது கணக்கெழுதும் ரைட்டர் எடையைச் சொன்னால், பின்னால் நிற்பவரையும் தராசு முள்ளைப் பார்த்துச் சொல்லச் சொல்வாள்.

"அக்கா ஊட்டுல சோத்துக்கு உப்பும் ரெண்டு பேரு பாக்கோணும் போல," என்பார் ரைட்டர் செல்வராஜ்.

அவள் கணவன் ஐயாக்கண்ணுக்கு வலிப்பு வந்தது. ஏற்காட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். சில வாரங்களில் அவன் உடம்பெல்லாம் சிவந்து தடித்தது. அம்மை என்று நினைத்து வாசலில் வேப்பிலை செருகினாள். அம்மை கண்ட வீட்டில் மருந்து ஆகாது என்று மாத்திரையை நிறுத்தினாள். தடிப்பு அடங்கியது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி மாத்திரை கொடுத்தாள். மறுநாளே உதடு வெந்து கொப்பளித்தது. பஸ் ஏற்றி அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள்.

"நடுவுல மாத்திரையை நிறுத்துனீங்களா அக்கா?" என்று நர்ஸ் காமாட்சி கேட்டாள்.

கேள்வியில் ஏதோ பொறி இருப்பதாக வீராயிக்குப் பட்டது. ஆமாம் என்றால் பழி தன் தலையில்தான் விழும். போன வருடம் அவள் நாத்தனார் இப்படித்தான் உண்மையைச் சொல்லி, வார்டே வேடிக்கை பார்க்கத் திட்டு வாங்கினாள்.

"ஒருநாளும் நிறுத்தலீங்க. இதுக்கு முன்னாடி ஒண்ணும் வந்ததில்லீங்க."

டாக்டர் அதை நம்பினார். இது வேறு ஏதோ காய்ச்சல், வலிப்பு மாத்திரை தொடரட்டும் என்றார். மாலையில் காமாட்சி அதே மாத்திரையோடு வந்தாள். எச்சில் விழுங்கவே முடியாத ஐயாக்கண்ணு, சொன்னபடி வாயைத் திறந்தான். வீராயி பாய்ந்து மாத்திரையைப் பறித்து உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள்.

"வேண்டாமுங்க! நிறுத்துனேன். நிறுத்துனப்ப அடங்குச்சு. மறுக்கா குடுத்தேன், வெந்துபோச்சு."

காமாட்சி திட்டவில்லை. ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். அவர் மாத்திரையை நிறுத்தி வேறு மருந்து போட்டார். பிறகு காமாட்சி ஒரு தாளை எடுத்துத் தமிழில் எழுதத் தொடங்கினாள். அவள் திட்டாததே வீராயிக்குச் சந்தேகமாக இருந்தது.

"ஏனுங்க, யாரு மேல குத்தம் எழுதறீங்க?"

"மாத்திரை மேலதானுங்க. மருந்தைக் கண்காணிக்கற ஆபீசுக்கு எழுதி அனுப்புனாத்தான் அடுத்த ஊர்ல யாருக்காச்சும் இப்படி வந்தா சட்டுனு தெரியும்."

"படிங்க."

காமாட்சி படித்தாள். வீராயி தாளை வாங்கி அடுத்த கட்டிலில் படுத்திருந்த பழனிசாமியிடம் கொடுத்தாள்.

"அண்ணா, நீங்க படிங்க. அவங்க மூஞ்சியப் பாக்காம படிங்க."

"மூட்டுவலின்னு வந்தேன், பரீட்சை வெக்கிறியே," என்று முனகிக்கொண்டே அவர் படித்தார். இரண்டும் ஒன்றுதான். அப்போதுதான் வீராயி கையை விரித்தாள். வியர்வையில் ஊறிய மாத்திரையையும், முந்தானையில் முடிந்திருந்த மிச்சத்தையும் காமாட்சியிடம் கொடுத்தாள்.

ஐயாக்கண்ணு தேறி ஊருக்குக் கிளம்பியபோது, அவனுக்கு அந்த மாத்திரை ஆகாது என்று காமாட்சி ஓர் அட்டையில் எழுதித் தந்தாள். பஸ்ஸில் ஏறியதும் வீராயி அதைக் கண்டக்டரிடம் நீட்டினாள்.

"டிக்கெட் அப்பறம் கிழிக்கலாம் சாமி. மொதல்ல இதைப் படி."