முக்காலியில் தொங்கிய நங்கூரக் கல்

நெடுந்தீவு மீனவர் குருசுமுத்துவின் மூத்த மகள் றோசம்மாவைக் கட்டிய கிறிஸ்தோப்பர், ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்திரண்டில் கப்பல் வேலையை விட்டு வந்தபோது சின்னத் தொலைநோக்கி ஒன்றும் கொண்டுவந்தார். அதில் கமராவைப் பொருத்திச் சந்திரனைப் படமெடுத்தால், வந்த படமெல்லாம் கலங்கல். தூரத்து வள்ளங்களைப் பார்க்க அந்தக் குழாய் வேண்டுமென்று மாமனாருக்கு ஆசை.

“இந்தமுறையும் கூழ் மாதிரி வந்தால் குழாய் எனக்கு, மருமோன்.”

“ஓம் மாமா. ஆனால் உங்களுக்குக் கிடைக்காது,” என்றார் கிறிஸ்தோப்பர்.

பொழுதுபட்டதும் முற்றத்தில் முக்காலியை நிறுத்தித் தொலைநோக்கியை அதில் ஏற்றினார். கடற்காற்றுக்கு முக்காலி நடுங்கியது. பார்த்துக்கொண்டு நின்ற றோசம்மா, “காத்து இழுத்தால் அப்பு வள்ளத்தை எப்பிடி நிப்பாட்டுறவர்?” என்று கேட்டாள். கிறிஸ்தோப்பர் சிரித்துக்கொண்டே கரைக்குப் போய், மாமனாரின் நங்கூரக் கல்லையே தூக்கிவந்து முக்காலியின் நடுவில் கட்டித் தொங்கவிட்டார். நடுக்கம் நின்றது. படமெடுத்தார்.

யாழ்ப்பாணத்தில் கழுவிவந்த படத்தைக் குருசுமுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். சந்திரன் குழி குழியாகத் தெளிந்து கிடந்தது.

“எங்கடை மதில் பவளக்கல்லு மாதிரியல்லோ இருக்கு! சரி, குழாயை நீரே வைச்சிரும். சந்திரன்ரை பின்பக்கத்தையும் ஒருக்கா எடும், பாப்பம்.”

“அது ஏலாது மாமா. பூமியைச் சுத்தினாலும் அவர் எங்களுக்கு முதுகு காட்டமாட்டார்.”